பேச்சு குறைந்த பிள்ளைக்கு எந்தக் கைத்தொழில்? மலையகத்தில் நின்று ஓர் ஒப்பீடு

சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை அதிகம் பேசாது என்றால், ஊரில் இரண்டு யோசனைகள் கட்டாயம் வரும். “வயரிங் பழகச் சொல்லுங்க, தனியாச் செய்யலாம்” என்பது ஒன்று. “போன் திருத்தப் போகட்டும், இருந்த இடத்துல வேலை” என்பது மற்றது. இரண்டும் பாதிதான் சரி. வீட்டு வயரிங்காரர் நாள் முழுக்க வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். போன் கடையில் இருப்பவரோ எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் வேலை செய்ய முடியாது.

அமைதியான சுபாவக்காரருக்கு மனிதர்களைக் கண்டால் பயம் என்று நினைப்பது தவறு. அவர்களைக் களைக்க வைப்பது மூன்று விடயங்கள்: கைவேலையின் நடுவே திரும்பத் திரும்ப வரும் குறுக்கீடு, விலை பேசுவதும் காசு கேட்பதும், ஒரே கூட்டத்தோடு காலை முதல் இரவு வரை இருப்பது. ஒரு தொழிலில் பேச்சு எவ்வளவு என்பதை விட, இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பார்ப்பதே பயன் தரும். தெரிந்த மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் பேசுவது ஒரு பாரமே இல்லாத பிள்ளைக்கு, தெரியாத பத்துப் பேரிடம் இரண்டிரண்டு நிமிடம் பேசுவது பெரும் பாரமாக இருக்கும்.

இதை வைத்து, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் உண்மையில் வேலை கிடைக்கக்கூடிய சில தொழில்களை நிறுத்துப் பார்ப்போம்.

மோட்டர் சுற்றுதல்

எரிந்த மின்மோட்டரின் பழைய கம்பிச் சுருள்களை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பதுதான் இது. இதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. மலையகத்தில் இதைவிட அமைதியான தொழில் கிடைப்பது கடினம். ஆனால் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதே இல்லை. ஒவ்வொரு தேயிலை பெக்டரியிலும் வாட்டும் தொட்டிகளின் காற்றாடி, ரோலர், சல்லடை, ட்ரையர் என்று மோட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றோடு மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர் பம்பும், அரிசி ஆலையும், பேக்கரி மாப்பிசையும் இயந்திரமும். எரியாத மோட்டர் கிடையாது.

வேலையின் ஒழுங்கைப் பார்த்தாலே அது எப்படிப்பட்டவருக்குப் பொருந்தும் என்று தெரியும். முதலில் பெயர்த்தகட்டில் இருக்கும் குதிரைவலு, வோல்ட், அம்பியர், வேகம் எல்லாவற்றையும் எழுதவேண்டும். பிறகு கோரில், அதாவது சுருள் உட்காரும் இரும்புத் தகட்டு அடுக்கில், எத்தனை காடி (கம்பி இறங்கும் பள்ளம்) என்று எண்ணவேண்டும். 36 காடி, 4 துருவம் (சுருள் உண்டாக்கும் காந்த முனை) என்றால் துருவத்துக்கு 9 காடி, அதில் ஒரு பேஸுக்கு (மூன்று கம்பியில் வரும் மின்சாரத்தில் ஒன்றுக்கு) 3. சுருள் எந்தக் காடியில் இறங்கி எந்தக் காடியில் ஏறுகிறது, சுருள்களின் கம்பி முனைகள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று படம் வரையவேண்டும். அதன் பிறகுதான் பழைய கம்பியை வெட்டி எடுப்பது. ஒரு சுருளை முழுதாகப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, கம்பியின் எனாமலைச் சுரண்டி நீக்கிவிட்டு மைக்ரோமீட்டரில் தடிப்பை அளக்கவேண்டும். எனாமலோடு அளந்தால் ஓர் அளவு அதிகமாகக் காட்டும். அந்தக் கணக்கில் வாங்கிய கம்பி காடிக்குள் அடங்காது.

காடிக்குள் காப்புத் தாள், அச்சில் சுற்றிய புதுச் சுருள், மேலே ஆப்பு, பேஸ்களுக்கு இடையே தாள், நூலால் கட்டு, இணைப்பு, வார்னிஷ், அடுப்பில் காய்ச்சல். இறுதியில் 500 வோல்ட் மெகர் (காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சுருளுக்கும் உடலுக்கும் இடையே பார்க்கவேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. புதிதாகச் சுற்றியது நன்றாகக் காய்ந்திருந்தால் அதைவிடப் பல மடங்கு காட்டும். கடைசியாகப் பாரம் மாட்டாமல் சும்மா ஓடவிட்டு மூன்று கம்பியிலும் கிளாம்ப் மீட்டர் பிடித்தால், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கவேண்டும்.

எங்கே பிழைக்கும்? பெரும்பாலும் கையில் அல்ல, கணக்கில். இரண்டு கம்பி சேர்த்துச் சுற்றியிருந்ததைக் கவனிக்காமல் ஒற்றைக் கம்பியில் சுற்றினால் மோட்டர் கொதிக்கும். 44 சுற்று இருந்த இடத்தில் 42 போட்டால் சும்மா ஓடும்போதே அம்பியர் கூடும். பழைய கம்பியை எடுக்கச் சோம்பல்பட்டு ஸ்டேட்டரை (சுருள் இருக்கும், சுழலாத பகுதியை) நெருப்பில் போட்டு நன்றாகச் சிவக்கவிட்டால், தகடுகளுக்கு இடையே உள்ள காப்பு எரிந்து கோரே சூடாகத் தொடங்கும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும் பயனில்லை.

இன்னொரு அழகு இதில் உண்டு. எரிந்த சுருளே காரணத்தைச் சொல்லிவிடும். ஸ்டார் இணைப்பில் (மூன்று பேஸ் சுருள்களும் ஒரு புள்ளியில் சேர்வது) இரண்டு பேஸ் கருகி ஒன்று புதிதுபோல் இருந்தால், ஓடும்போது ஒரு பேஸ் அறுந்திருக்கிறது. டெல்டாவில் (முக்கோணமாக இணைப்பது) அதே கோளாறு ஒரு பேஸை மட்டும் கருக்கும். மூன்றும் ஒரேயளவாகக் கறுத்திருந்தால் பாரம் கூடியிருக்கலாம், அல்லது ஓவர்லோட் ரிலேயை (பாரம் கூடினால் மோட்டரை நிறுத்தும் சாதனத்தை) யாரோ கூட்டி வைத்திருக்கலாம். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அதே மோட்டர் அடுத்த மாதம் திரும்பி வரும், பழி சுற்றியவர் தலையில் விழும். வாயால் சொல்லத் தயங்குகிறவர் எழுதிக் கட்டலாம்: வந்த தேதி, எரிந்த விதம், சந்தேகக் காரணம், போட்ட கம்பியின் அளவும் சுற்றும், மெகர் வாசிப்பு, ஓட்டிப் பார்த்த அம்பியர். ஆறு வரி எழுதிய அட்டை ஒன்று மோட்டரில் தொங்கினால் அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

குறைகளும் உண்டு. வார்னிஷ் புகையும் திண்ணர் வாசமும் தினமும் மூச்சில் போகும். ஜன்னலைக் குளிருக்கு மூடி வைத்து வேலை செய்தால் தலைவலி நிச்சயம். மலையில் இன்னொரு சிக்கல் ஈரம். மூடுபனி நாட்களில் காற்றில் காயவிட்ட வார்னிஷ் உள்ளே பச்சையாகவே இருக்கும், வெளியே மட்டும் தோல் பிடிக்கும். அடுப்பு இல்லாமல் இந்தத் தொழிலை இங்கே தொடங்கக்கூடாது. தகரப் பெட்டிக்குள் ஹீட்டரும் வெப்பமானியும் வைத்துச் செய்தது என்றாலும் சரி; வார்னிஷ் டின்னில் போட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் பிடிக்கவேண்டும். வார்னிஷ் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் ஆவி வெளியேற வழியும் வேண்டும்.

உட்கார்ந்து செய்யும் வேலை, விரல் நுணுக்கம் வேண்டும், பெரிய மோட்டரைத் தூக்க மட்டும் சங்கிலிக் கப்பி போதும். ஆகவே பெண்பிள்ளைகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும். நம் பக்கத்தில் அதை யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

லேத் வேலை

சுழலும் உலோகத்தை உளியால் கடைந்து சாமான் செய்யும் வேலை இது. சுற்றுதலுக்கு அடுத்த இடம் இதற்கு. சிலருக்கு இதுவே முதல் இடம். லேத் கடைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் கராஜ்காரரும் பெக்டரி பிட்டரும். உடைந்த சாமானை மேசையில் வைத்து “இதே மாதிரி ஒன்று” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பேசவேண்டியதைச் சாம்பிளே பேசிவிடும். மெஷின் ஓடும்போது யாரும் குறுக்கே பேச வரமாட்டார்கள், வந்தாலும் கேட்காது.

கணக்கு பிடித்தவருக்கு இது இனிக்கும். 40 மில்லிமீட்டர் மென்உருக்குத் தண்டைச் சாதாரண ஹைஸ்பீட் உளியால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் கடைய வேண்டுமென்றால், 25-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐ 40-ஆல் பெருக்கி வருவதால் வகுக்கவேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று. இதைப் பார்க்காமல் 600-இல் ஓட்டினால் உளியின் முனை நீலமாகிக் கருகும்.

தேயிலை பெக்டரி வேலையில் அடிக்கடி வருவது புஷ், அதாவது உள்ளே தண்டு சுழலும் உலோகக் குழல். 40 மில்லிமீட்டர் தண்டுக்கு வெண்கலப் புஷ் கடையும்போது விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.04 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடுவது பொதுவான தொடக்கக் கணக்கு. புதிதாகப் பழகுகிறவர் மேசையில் சரியாக அந்த இடைவெளி வரும்படி கடைந்து, பெருமையோடு கூட்டுக்குள் அடித்து இறக்குவார். பிறகு தண்டு நுழையாது. இறுக்கமான கூட்டுக்குள் போன புஷ் சுருங்கி உட்துளையும் குறையும் என்பதுதான் காரணம். அதற்கும் சேர்த்துக் கடையவேண்டும், அல்லது இறக்கிய பிறகு ரீமர் (துளையை நுணுக்கமாகப் பெருக்கும் கருவி) ஓட்டவேண்டும்.

மலைநாட்டில் லேத்துக்கு முன் நிற்பவருக்கு ஒரு தனி எச்சரிக்கை: குளிர் உடை. கம்பளிச் சட்டையின் தொங்கும் கை, கழுத்தில் சுற்றிய மப்ளர், விரலுக்குப் போட்ட கையுறை, மூன்றும் சுழலும் சக்கில் (உலோகத்தைப் பிடிக்கும் பிடியில்) சிக்கினால் கையை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே இரண்டு சட்டை போடலாம், வெளியே இறுக்கமான அரைக்கை மேலங்கி மட்டும். சக்குச் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடுவது அடுத்த பழைய பிழை.

பாதகம் ஒன்றே: மூலதனம். நல்ல பழைய லேத் வாங்கி, த்ரீ பேஸ் இணைப்பு எடுத்து, நகரத்தில் இடமும் பிடிக்கவேண்டும். தொடக்கத்தில் சம்பளத்துக்கு நிற்பதே பொருத்தம். சிடிசி முறையில் (பல் வைத்த ரோலர்களுக்கு இடையே கொழுந்தை நசுக்கி) தூளாக்கும் பெக்டரிகளின் ரோலர் பற்களைத் திரும்ப வெட்டிக் கூர்மையாக்குவதும் ஒரு தனித் துறைதான். ஆனால் இலங்கையில் பெரும்பாலான பெக்டரிகள் கொழுந்தை உருட்டித் திருகும் பழைய ஓர்த்தடொக்ஸ் முறையில் செய்வதால் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

தச்சு

கண்ணை மூடிக்கொண்டு அமைதியான தொழில் என்று சொல்லிவிடுவார்கள். வேலைத்தளத்தில் கதவு, ஜன்னல், கட்டில் செய்பவருக்கு அது உண்மை. வீடு வீடாகப் போய் சமையலறை அலுமாரி பொருத்தும் பாஸுக்கு (தேர்ந்த தொழிலாளருக்கு) அது உண்மையல்ல. வீட்டுக்கார அம்மா பாதியில் வந்து “பாஸ், இந்தத் தட்டை இன்னும் கொஞ்சம் மேல வைக்கலாமா?” என்று கேட்பார். வெட்டிய பலகையை மேலே வைக்க முடியாது என்பதை ஐந்து தடவை விளக்கவேண்டியிருக்கும். அளவும் படமும் எழுதி, கையொப்பமும் முற்பணமும் வாங்கிய பிறகே மரத்தில் ரம்பம் வைப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சு பெருமளவு குறையும்.

மரம்தான் இங்கே உண்மையான சிக்கல். மலையில் மலிவாகக் கிடைப்பது டர்பண்டைன் என்றும் கிராண்டிஸ் என்றும் சொல்லும் யூகலிப்டஸ் வகைகள். அறுத்த கையோடு முறுக்கும், முனைகளில் வெடிக்கும். அறுத்ததும் முனைகளில் பெயின்ட் பூசி, சுமார் இரண்டு அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி அடுக்கி, மேலே பாரம் வைத்து, மழை படாமல் காற்று மட்டும் போகும் இடத்தில் விடவேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நுவரெலியா ஈரத்தில் அதைக் குறைத்து நம்பக்கூடாது. நானுஓயாவில் காய்ந்ததாகத் தெரியும் மரத்தில் செய்த கதவை கொழும்பில் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால், சில மாதங்களில் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரியும்.

வெள்ளைப் பசையும் குளிரில் ஏமாற்றும். சுமார் 10 பாகைக்குக் கீழே அது சரியாகப் படலம் கட்டாது, சுண்ணாம்புபோல் வெளுத்துக் காயும். தை, மாசி இரவுகளில் நுவரெலியாவில் இது சாதாரணம். காலையில் பார்த்தால் பொருத்து பிடித்ததுபோல் இருக்கும், இழுத்தால் கழன்று வரும். மாலை நான்கு மணிக்குப் பசை பூசுவதை விட, காலை பத்து மணிக்குப் பூசி வெயில் இருக்கும்போதே இறுக்கி வைப்பது நல்லது.

பலா போன்ற மரங்களை வெட்ட அனுமதி வேண்டும், மரம் ஏற்றிச் செல்லவும் பத்திரம் வேண்டும். இந்த அலுவலகப் படிகள் ஏறப் பிடிக்காதவர் மரக்காலையில் ரசீதோடு வாங்குவதே உத்தமம்.

வெல்டிங்

கறுப்புக் கண்ணாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் உலகமே இல்லை என்பது இதன் ஈர்ப்பு. ஆனால் கேட், கிரில் கடை வைத்தால் அடி கணக்கில் விலை பேசவேண்டும். “தம்பி, கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்பதைக் கேட்காத நாள் இருக்காது. கட்டட வேலைக்குப் போனால் கூட்டு வேலை. வெளிநாட்டில் தேவை அதிகம் என்பதற்காகப் பலர் இதைப் பழகுகிறார்கள். தேவை உண்மைதான், ஆனால் அங்கே ஓர் அறையில் பலர் சேர்ந்து தங்கவேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். பகலில் தனிமை கிடைத்து இரவில் கிடைக்காவிட்டால் சிலருக்கு அது சிறை.

நுட்பத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: மெல்லிய பொக்ஸ் பாருக்கு (சதுரக் குழாய்க்கு) 2.5 மில்லிமீட்டர் ரொட் (உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி), 60 முதல் 70 அம்பியர். கூட்டினால் ஓட்டை விழும். மலைக்காற்றில் திறந்து வைத்த ரொட் பெட்டி ஈரம் உறிஞ்சும். ஒட்டில் புழுத் துளைகள் வரும், பொறி வெடித்துத் தெறிக்கும். பாரம் தாங்கும் வேலைக்கான 7018 வகை ரொட்டை 300 பாகைக்கு மேல் காய்ச்சாமல் போடக்கூடாது. கல்வனைஸ் குழாயை ஒட்டும் புகையை மூச்சிழுத்தால் அன்றிரவு மலேரியாபோல் குளிர்க் காய்ச்சல் வரும். துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுக்கவேண்டும். குளிருக்குப் போடும் நைலோன் ஜாக்கெட் ஒரு பொறிக்கே உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அல்லது தோல் உடைதான் போடவேண்டும்.

வீட்டு வயரிங்கும் பெக்டரி மின்வேலையும்

ஒரே தொழில், இரண்டு வாழ்க்கை. புது வீட்டுக்குச் சுவர் பூசுமுன் குழாய் பதித்துக் கம்பி இழுப்பது அமைதியான பகுதி. விளக்குக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 (முதலில் இழைகளின் எண்ணிக்கை, பிறகு இழையின் மில்லிமீட்டர் தடிப்பு) என்று கடைக்காரரிடம் ஒரு துண்டு கொடுத்தால் போதும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் “ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கு” என்ற முறைப்பாட்டைத் தேடுவதுதான் பேச்சு நிறைந்த பகுதி. லயன் அறைகளில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இது அதிகம்: கூரை ஒழுகி விளக்குத் தாங்கிக்குள் நீர் இறங்கும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் அதன் வேலையைச் செய்யும், வீட்டுக்காரருக்கோ ட்ரிப் சுவிட்ச்தான் பழுதாகத் தெரியும். “அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுங்க தம்பி” என்பார்கள். முடியாது என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய இடம் அது. மெதுவாகப் பேசுபவர் பலருக்கு “முடியாது” என்ற சொல்தான் பாரம். அதைச் சொல்ல வராதவர் வீட்டு மின்வேலைக்குப் போகாமல் இருப்பது மற்றவர்களின் உயிருக்கும் நல்லது. பாறைத் தரையில் எர்த் ரொட் (மின்கசிவை நிலத்துக்குள் கொண்டுபோகும் கம்பி) சரியாக இறங்காது என்பதும் சேர்ந்துகொள்ளும். அளந்து பார்க்காமல் அடித்துவிட்டுப் போனால் அது பெயருக்கு எர்த்.

பெக்டரியில் சம்பளத்துக்கு மின்வேலை பார்ப்பவருக்கு விலை பேசும் தொல்லை இல்லை. இரவு ஷிப்டில் சத்தமான அமைதி. ஆனால் ஒரு ரோலர் நின்றுவிட்டால் கதை வேறு. வாடிய கொழுந்து காத்திருக்காது; டீ மேக்கர் (பெக்டரிப் பொறுப்பாளர்) பின்னால் நிற்பார், தோட்டத்துப் பெரியவர் தொலைபேசியில் கேட்பார். அவசரத்தில் பலர் சூழ்ந்து நிற்கக் கை நடுங்காதவருக்கே அது ஒத்துவரும்.

போன் திருத்தம்

இருந்த இடத்தில் வேலை, மூலதனம் குறைவு, பழகக் காலமும் குறைவு. இருந்தும் அமைதியானவருக்கு நாங்கள் கடைசியில் வைப்பது இதைத்தான். திரை மாற்றும் பத்து நிமிடத்துக்குள் ரீலோட் கேட்டு ஒருவர், கவர் கேட்டு ஒருவர், “படமெல்லாம் அழியாதே?” என்று ஒருவர். சுடுகாற்றுத் துப்பாக்கியைப் பிடித்த கையோடு பதில் சொன்னால் பக்கத்து ஐசி (மின்னணுச் சில்லு) நகர்ந்துவிடும்.

ஒரு வழி இருக்கிறது. கடைக்காரருக்கு மட்டும் வேலை செய்வது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடைகளில் முடியாத போர்ட்டுகளை வாங்கி வந்து, வீட்டில் நுண்ணோக்கிக்குக் கீழே திருத்திக் கொடுப்பது. அதற்கு மேலோட்டமான பயிற்சி போதாது. சர்க்கிட் படம் வாசிக்கவும், 183 பாகையில் உருகும் ஈயக் கலவைக்கும் 217 பாகைக்கு மேல் உருகும் ஈயமில்லாக் கலவைக்கும் வித்தியாசம் தெரிந்து சூடு வைக்கவும் வரவேண்டும். அந்த நிலைக்கு வந்தவருக்கு இது சுற்றுதலுக்குச் சமமான அமைதித் தொழில்.

தையலும் இப்படித்தான். ப்ளவுஸ் தைப்பது முழுக்கப் பேச்சு. பாடசாலைச் சீருடை மொத்தமாகத் தைப்பது முழுக்க அமைதி.

இடமும் மொழியும்

லயனில் வசிப்பவருக்குத் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்கவேண்டும். தோட்ட வீட்டில் இயந்திரம் வைக்கவும் த்ரீ பேஸ் எடுக்கவும் காணி உறுதி கேட்பார்கள். பலரிடம் அது இல்லை. சுவருக்கு மறுபக்கம் குழந்தை தூங்கும் இடத்தில் கிரைண்டர் போடவும் முடியாது. மோட்டர் சுருள் சுற்றும் அச்சும் போன் போர்ட் வேலையும் மட்டுமே சிறிய அறைக்குள் அடங்கும். சுற்றிய மோட்டரை ஓட்டிப் பார்க்க மட்டும் த்ரீ பேஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும்.

பயிற்சிக்கு மூன்று வாசல். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், மற்றது நைட்டா (தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) மூலம் ஒரு வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்வது. அமைதியான பிள்ளைக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் நல்லது. முப்பது பேர் உள்ள வகுப்பை விட ஒரு பாஸுக்குப் பக்கத்தில் நிற்பது இலகு. எந்த வழியில் போனாலும் என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் எடுக்கவேண்டும். மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5-உம் 6-உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்ய எண்ணுபவர் 4-ஐக் குறி வைக்கவேண்டும். ஏற்கனவே கராஜில் சில வருடம் நின்றவர் வகுப்புக்குப் போகாமலேயே, முன்னைய கற்றலை மதிப்பிடும் முறையில் செய்துகாட்டி அதைப் பெறலாம். சேருமுன் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: பாடம் எந்த மொழியில்? சிங்களத்தில் மட்டும் என்றால், ஏற்கனவே பேசத் தயங்குகிற பிள்ளை சந்தேகத்தையும் கேட்காமல் விட்டுவிடும். குறைந்தது செய்முறை ஆசிரியருக்காவது தமிழ் தெரிந்திருக்கவேண்டும்.

முடிவெடுக்குமுன் ஒரு வாரம் அந்த வேலைத்தளத்தில் போய் நிற்பது நல்லது, அதையும் மழைக்காலத்தில். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் என்றால் ஆனி, ஆடி. பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் கார்த்திகை, மார்கழி. அந்த வாரத்தில் ஒரு சின்னக் கொப்பியில் இரண்டு மட்டும் குறிக்கட்டும்: ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வேலையின் நடுவே யாரோ கூப்பிட்டார்கள், காசு பேசியது யார். காசு பேசுவதற்கு முதலாளியோ அண்ணனோ இருக்கும் பட்டறை என்றால், வெல்டிங்கும் தச்சும்கூடப் பட்டியலில் மேலே ஏறிவிடும்.